கட்டியக்காரன் பானை

கதை கேட்க வந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உச்சிவேளைக்குள் சொல்லி முடிக்க வேண்டிய கதை இது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். அவரிடம் யானை இருந்தது, குதிரை இருந்தது, சேந்தன் என்ற கட்டியக்காரனும் இருந்தான். ராஜா எங்கே போனாலும் அவருக்கு முன்னால் வெள்ளிப் பூண் போட்ட தடியோடு நடந்து, அவருடைய பட்டப்பெயர்களை முழங்குவதுதான் கட்டியக்காரன் வேலை.

"ராஜாதி ராஜ! ராஜ கம்பீர! நெடுங்கரை காவல! பராக்! பராக்!"

சேந்தன் முழங்கினால் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறக்கும். ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நிற்பார்கள். அரண்மனை அவனுக்கு ஓட்டு வீடு கொடுத்தது, நெல் கொடுத்தது, பட்டுச் சால்வை கொடுத்தது. சொந்தக்காரர்கள் அவனைக் கண்டால் எழுந்து நின்றார்கள். அதே சொந்தக்காரர்கள்தான் சின்ன வயதில் அவன் குரலைக் கேட்டு, "ஓட்டைப் பறை பேசுதுடா" என்று சிரித்தவர்கள்.

அப்படியானால் இந்தக் கம்பீரக் குரல் எங்கிருந்து வந்தது? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். கட்டியக்காரனாகச் சேருகிறவன் முதல் நாள் ஒரு காலி மண்பானைக்குள் குனிந்து தன் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னதும் பானையின் வாயைத் துணியால் கட்டி ஓர் அறையில் வைத்துவிடுவார்கள். அப்புறம் அவன் வாயைத் திறந்தால் முழக்கம் தானாக வரும். ஒரே ஒரு கட்டளை: அந்தக் குரலை ராஜாவுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். கத்தக்கூடாது, பாடக்கூடாது, அழக்கூடாது.

சேந்தன் கட்டளையை ஒழுங்காகக் காப்பாற்றினான். வீட்டில் சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவான். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவான். மனைவி வெண்ணி ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவான். இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. பேசாத புருஷன் கிடைப்பது வரம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வெண்ணியைக் கேலி செய்தார்கள். வெண்ணியும் சிரித்து வைத்தாள். அவளுக்கு உள்ளே எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எட்டாம் வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பன்னிரண்டாம் நாள் பெயர் சூட்டு. தகப்பன் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். நெடுங்கரையில் இதைச் சும்மா சடங்கு என்று நினைத்துவிட முடியாது. அங்கே உச்சிவேளையில் ஒன்று நடமாடும். அதற்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. பெயர் இல்லாததால் பெயர் இல்லாதவர்களைத்தான் தேடும். பெயர் சூட்டு தவறிய குழந்தையை மூன்று உச்சிவேளைக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சேந்தன் குனிந்தான். குழந்தையின் காதில் வாயை வைத்தான்.

"ராஜாதி ராஜ!"

உறவுக்காரர்கள் சிரித்தார்கள். பழக்கதோஷம் என்றார்கள். சேந்தன் மறுபடி முயன்றான்.

"ராஜ கம்பீர!"

இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. அவன் நெற்றியெல்லாம் வேர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சுக்குள் மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை வாயைத் திறந்தான்.

"பராக்! பராக்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. தாம்பூலத்தைக்கூட எடுக்காமல் எல்லோரும் எழுந்து போனார்கள்.

முதல் உச்சிவேளை வந்தது. தெருவில் ஒரு காக்கை இல்லை, வேப்ப மரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஆனால் வீட்டுக்குள் தூளி ஆடியது. யாரோ பக்கத்தில் நின்று ஆட்டுவது போல நிதானமாக ஆடியது. வெண்ணி ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். கயிறு சில்லென்று இருந்தது.

இரண்டாம் உச்சிவேளை. வெண்ணி குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். திரும்பி வந்தபோது தூளி காலி. பதின்மூன்று நாள் குழந்தை, புரளக்கூடத் தெரியாத குழந்தை, வாசல்படியில் கிடந்தது. அழவில்லை. வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வாசல் புழுதியில் வெறுங்கால் தடங்கள் வீடு வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

வெண்ணி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புருஷன் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷமா நான் எதுவும் கேட்டதில்லை. இப்ப கேக்குறேன். உங்க சொந்தக் குரலை எங்கே வச்சீங்க?"

 சேந்தன் கைகளால் காற்றில் ஒரு பானையை வரைந்து காட்டினான்.

மறுநாள் காலையிலேயே மூவரும் அரண்மனைக்குப் போனார்கள். பானை அறைக்கு ஒரு காவல்காரி இருந்தாள். வெண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போகலாம் தாயி. யாரும் தடுக்க மாட்டாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கலை, அவ்வளவுதான். ஆனா பானையைத் திறந்தா வேலை போச்சு, வீடு போச்சு, நெல்லும் போச்சு. தப்பான பானையைத் திறந்தாலோ, அடுத்தவன் குரலோட சாகுற வரைக்கும் இருக்கணும். அவர்தான் பாத்து எடுக்கணும். நீ வாயைத் திறக்கக் கூடாது."

அறை இருட்டாக இல்லை. கூரையில் ஒரு துவாரம் வழியாக வெயில் விழுந்தது. இருபத்தோரு பானைகள் வரிசையாக இருந்தன. எதிலும் அடையாளம் இல்லை. இருபது பேர் முன்பு கட்டியக்காரர்களாக இருந்து செத்தவர்கள். அவர்கள் வாழும்போது சொல்லாமல் விழுங்கியதெல்லாம் அந்தப் பானைகளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரு பானை, "கொஞ்சம் மோர் குடு" என்றது. ஒரு பானை யாரிடமோ மன்னிப்புக் கேட்டது. ஒரு பானை சும்மா விசும்பியது.

சேந்தன் உள்ளே கால் வைத்ததும் எல்லாம் ஒரேயடியாக நின்றன. உயிருள்ள தொண்டை ஒன்று வந்திருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

"சேந்தா, நான்தான்! சேந்தா, நான்தான்!" என்று இருபத்தொன்றும் கூவின.

அவன் காதைப் பொத்திக்கொண்டான். கூரைத் துவாரத்து வெயில் நடு அறையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு பானையாகக் காது வைத்துக் கேட்டான்.

முதல் வரிசையில் ஒரு குரல் இடி இடிப்பது போல இருந்தது. "என்னை எடுத்துக்கோ. ஊரே உன்னைக் கண்டு நடுங்கும்." அவன் கை அதை நோக்கிப் போனது.

இரண்டாம் வரிசையில் ஒரு குரல் தேன் மாதிரி இனித்தது. "என்னை எடுத்துக்கோ. ஊரே உன் பின்னால வரும்." அவன் கை அதை நோக்கிப் போனது.

கடைசி வரிசையில், மூலையில், ஒரு கரகரத்த குரல். கேட்டதுமே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. யார் இதை எடுத்துக்கொண்டு வெளியே போவான்? அவன் நகரப் போனான். அப்போது அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது:

"பாப்பா பால் குடிச்சுதா?"

சேந்தன் நின்றுவிட்டான். இருபது பானைகள் அவனைப் பற்றிப் பேசின. ஒன்றுதான் அவன் மகளைப் பற்றிக் கேட்டது.

அதே நேரம் வெயில் நடு அறைக்கு வந்து நின்றது. அரண்மனையில் உச்சிப் பறை அடித்தது. வெண்ணியின் கையிலிருந்த குழந்தை தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தது. வாசலில் யாரும் இல்லை. ஆனால் புழுதியில் ஒரு கால்தடம் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. குழந்தை அந்தப் பக்கம் கையை நீட்டியது. வெண்ணி எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் குழந்தையின் கனம் அவள் கையில் குறைந்துகொண்டே வந்தது.

சேந்தன் மூலைப் பானையின் துணியைக் கிழித்தான். குனிந்து வாயைத் திறந்தான். ராஜாதி ராஜ, ராஜ கம்பீர, நெடுங்கரை காவல, எல்லாம் அவன் தொண்டையிலிருந்து எறும்புச் சாரையாக இறங்கிப் பானைக்குள் போயின. கரகரத்த குரல் மேலே ஏறி அவன் தொண்டைக்குள் புகுந்தது, அவன் இருமினான். ஓடி வந்து மகளின் காதில் வாயை வைத்தான்.

"நன்..."

குரல் உடைந்தது. மூன்றாவது தடம் அறைக்குள் விழுந்தது.

"நன்முல்லை. நன்முல்லை. அப்பா கூப்பிடுறேன், நன்முல்லை!"

ஓட்டைப் பறைக் குரல்தான். அதைக் கேட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. அதன் கனம் முழுதும் வெண்ணியின் கைக்குத் திரும்பி வந்தது. அவளும் அழுதாள். புழுதியில் மூன்று தடங்கள் இருந்தன, நான்காவது விழவில்லை.

மூலைப் பானை மட்டும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் முழங்கியது: "ராஜாதி ராஜ! பராக்! பராக்!"

காவல்காரி அதன் வாயைக் கட்டவில்லை. மறுநாள் முதல் இரண்டு ஆட்கள் அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு ராஜாவுக்கு முன்னால் நடந்தார்கள். அது அழகாக முழங்கியது. புறாக்கள் எழுந்து பறந்தன, ஜனங்கள் ஓரமாய் நின்றார்கள். ஆள் இல்லை, பானைதான் என்று ராஜா கவனிக்கவே இல்லை. ஏழு வருஷம் சேந்தன் கத்தாமல், பாடாமல், அழாமல் காப்பாற்றிய உத்தியோகம் அவ்வளவுதான்.

வீடு போயிற்று. சால்வை போயிற்று. சொந்தக்காரர்கள் எழுந்து நிற்பதை நிறுத்தினார்கள். சேந்தன் ஆற்றங்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, களத்தில் கூலிக்கு நெல் தூற்றினான். ஆனால் அந்த இருபது பானைகளின் முணுமுணுப்பு அவன் காதை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் பானை அறைக்குத் திரும்பிப் போனான். ஒரு பானை அருகே உட்கார்ந்து அது சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். அந்தக் கட்டியக்காரனின் பேரன் எந்த ஊரில் இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு நடந்தான். போய் அந்தப் பேரனிடம், "உங்க தாத்தா மோர் கேட்டார். மோர் ரொம்ப நல்லா இருந்துதுன்னு ஒரு நாளும் பாட்டிகிட்ட சொல்லலையாம். சொல்லச் சொன்னார்" என்றான். பேரன் அழுதான். சேந்தன் திரும்பி வந்து பார்த்தபோது அந்தப் பானை சத்தமில்லாமல் இருந்தது. துணியை அவிழ்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

இருபது பானைகளுக்காகவும் இருபது ஊர்களுக்கு நடந்தான். அதற்குள் அவனுக்கு வயதாகிவிட்டது. கரகரத்த குரலைக் கேட்டு ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள். தான் எதற்காகப் பிறந்தோம் என்று அவனுக்கு இருபதாவது வீட்டு வாசலில் தெரிந்தது.

அவன் செத்துப் போன பிறகும் அரண்மனைப் பானை முழங்கிக்கொண்டே இருந்தது. ராஜா செத்தார், அரண்மனை இடிந்தது. நெடுங்கரைப் பக்கம் உச்சிவேளையில் போனால் மண்ணுக்கு அடியிலிருந்து இப்போதும் "பராக்! பராக்!" என்று கேட்கும் என்கிறார்கள். வழிவிட அங்கே யாரும் இல்லை.

ஆகவே கேட்டவர்களே, பிழைக்கச் சேர்ந்த வேலை உங்கள் சொந்தக் குரலையே வாங்கிக்கொண்டது என்று தெரிந்தால், அந்த வேலையை விட்டாவது குரலை மீட்டுக்கொண்டு, அது எதற்காக உங்களுக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்குச் செலவழியுங்கள்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வீட்டுக்குப் போங்கள், போனதும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.