கொம்பையாவின் பட்டன் இல்லாத சட்டை

அரைக்காணிப்பட்டியில் உளுந்து விதைத்தால் உளுந்து முளைக்கும், எள் விதைத்தால் எள் முளைக்கும். அறிவை மட்டும் யாரும் விதைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ஊரிலும் நாலு கெட்டிக்காரர்கள் பிறந்தார்கள், இல்லாமல் இல்லை. நாலு பேரும் கெட்டிக்காரர்களாக இருந்ததால் முதல் பஸ்ஸிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் முன்வரிசையில் நிற்கத் தகுந்தவர்கள் மூன்று சகோதரர்கள். மூத்தவர் கொம்பையா, அடுத்தவர் வெயிலுமுத்து, கடைக்குட்டி ஆவுடையப்பன். கடைக்குட்டிக்கு வயது நாற்பத்தெட்டு.

இவர்களுடைய அக்கா மகள் சொர்ணக்கிளி லண்டனில் நர்ஸ் வேலை பார்த்தாள். அங்கேயே நல்ல மாப்பிள்ளை அமைந்து நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயப் பத்திரிகையைப் பெண்ணின் மூத்த தாய்மாமன்தான் சபையில் நின்று வாசிக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் சித்தப்பா வாசிக்கலாம். சித்தப்பா சந்தனக்குமார் லண்டனிலேயே இருந்தார். பத்து நாளாக மிளகுப்பால் குடித்துத் தொண்டையைத் தீட்டிக்கொண்டு, கொம்பையாவுக்கு ஏதாவது ஆகாதா என்று காத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கை தாராளம். மூன்று மாமன்மாருக்கும் விமானத்தில் ஃபஸ்ட் கிளாஸ் டிக்கெட் அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் கொம்பையாவின் முகம் சுருங்கிப் போனது.

"ஏல, நான் அஞ்சாங் கிளாஸ் பாஸானவன். என்னக் கொண்டுபோயி திரும்ப ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வைக்காகளா?"

"விடுங்கண்ணே. வெளிநாட்டுப் படிப்பு கஷ்டமாம். நம்ம அஞ்சும் அவுக ஒண்ணும் சரியா இருக்கும்" என்று சமாதானம் சொன்னார் வெயிலுமுத்து.

ஆவுடையப்பனுக்கு மட்டும் பரம சந்தோஷம். ஒண்ணாங் கிளாஸ் அவருக்கு நன்றாகப் பழகிய இடம். மூன்று வருஷம் அதில்தான் படித்தார்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் சொர்ணக்கிளி போன் போட்டாள். பாவம், பிள்ளைக்கு மாமன்மாரைத் தெரியும்.

"மாமா, பிளேன்ல வேலை பாக்குற பொண்ணுங்ககிட்ட மரியாதையா நடந்துக்கிடணும். கை தட்டிக் கூப்பிடக் கூடாது. 'ஏ பிள்ள'ன்னு கத்தக் கூடாது. ஏதாச்சும் வேணும்னா பட்டனை அமுக்குங்க, அவுகளே வருவாக. சட்டையில பேரு போட்டிருக்கும், பாத்து, பேரு சொல்லிக் கேளுங்க. சிரிச்ச முகமா கேளுங்க. சும்மா சும்மா ஒண்ணுக்கு ரெண்டு தடவை கூப்பிடாதீங்க. என் மானம் உங்க கையிலதான் இருக்கு."

மூன்று பேரும் போனைப் பார்த்து பலமாகத் தலையை ஆட்டினார்கள். கொம்பையா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மானம் எதுவும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

போனை வைத்ததும் மூவரும் குனிந்து தத்தம் சட்டைப் பட்டன்களைப் பார்த்தார்கள்.

"இத்தனை வருசமா தெனம் மாட்டுதோம், கழத்துதோம். ஒரு நாளாச்சும் ஒருத்தராச்சும் என்ன வேணும்னு வந்து கேட்டிருக்காகளா?" என்றார் கொம்பையா.

"அது இங்கண்ணே. உசரத்துக்குப் போனாத்தான் சிக்னல் கிடைக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கொம்பையாவுக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. அவருக்கு நெஞ்சைச் சொறியும் பழக்கம் உண்டு. தெரியாத்தனமாக விரல் பட்டு, அந்தப் பொண்ணுங்க வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து நின்றால் சொர்ணக்கிளியின் மானம் என்ன ஆவது? நேராக ராஜகனி டெய்லரிடம் போனார். நிச்சயத்துக்குத் தைத்த புதுச் சட்டையில் இருந்த பட்டன் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி, அந்த இடத்தில் நாடா வைத்துத் தைக்கச் சொன்னார். ராஜகனி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அரைக்காணிப்பட்டியில் முப்பது வருஷம் தையல் கடை வைத்திருப்பவர் கேள்வி கேட்பாரா?

காலையில் விமானம் ஏறினார்கள். சாயங்காலம் லண்டனில் நிச்சயம். விமானத்தில் எஸ்தர் என்கிற தமிழ்ப் பொண்ணு கைகூப்பி வரவேற்று, ஆளுக்கொரு கட்டில் மாதிரி இருந்த சீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். ஆவுடையப்பன் சுற்றும் முற்றும் கரும்பலகையைத் தேடினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொம்பையா மடியிலிருந்து பொரிவிளங்காய் உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போடுகிற வரைக்கும். அரைக்காணிப்பட்டிப் பொரிவிளங்காயை உடைக்க அம்மிக்குழவி வேண்டும். அவர் முழுசாக விழுங்கினார்.

"விக்" என்றார்.

தம்பிமார் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, யாரோ உங்கள நினைக்காக."

"மதினியா இருக்கும்."

"அவ... விக்... வீட்டுல இருக்கையிலயே நினைக்க மாட்டா."

யோசித்து யோசித்துப் பார்த்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள்: சந்தனக்குமார்!

கொம்பையாவுக்கு வியர்த்துவிட்டது. விக்கலோடு போய்ச் சபையில் நின்றால் 'நிகழும் மங்களகரமான' என்பதைத் தாண்ட முடியாது. பத்திரிகை சந்தனக்குமார் கைக்குப் போய்விடும். அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியுமா?

"தண்ணி குடிச்சா நிக்கும்" என்று கண்டுபிடித்தார் வெயிலுமுத்து. குடும்பத்தில் அவர்தான் மூளை.

அந்த நேரம் பார்த்து எஸ்தரே பக்கத்தில் வந்து, "சார், தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றாள்.

கொம்பையா வாயைத் திறந்தார். வெயிலுமுத்து அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"இருங்கண்ணே. நம்மள்ல யாராச்சும் பட்டனை அமுக்கினோமா?"

"இல்ல."

"அப்ப இது வேற எவரோ அமுக்கி வந்த பிள்ளை. அடுத்தவுக அமுக்கினதுக்கு நாம தண்ணி வாங்கினா அதுக்குப் பேரு என்ன?"

"திருட்டு" என்றார் ஆவுடையப்பன், நடுங்கிப்போய்.

"வேண்டாம்மா" என்று மூன்று பேரும் சிரித்த முகமாகச் சொன்னார்கள். முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார்கள். ஆவுடையப்பனுக்கு முப்பத்தொன்று. எஸ்தர் ஓரடி பின்வாங்கிப் போய்விட்டாள்.

இனி முறைப்படி பட்டனை அமுக்கித்தான் தண்ணீர் கேட்க வேண்டும். அப்போதுதான் கொம்பையா தன் நெஞ்சைப் பார்த்தார். நாலு நாடா முடிச்சுகள் அவரைப் பார்த்தன.

"ஏல... விக்... உன் பட்டனை அமுக்கேன்."

"என் பட்டனை அமுக்கினா எனக்குத்தானண்ணே தண்ணி வரும்? எனக்குத் தாகம் இல்லையே. பொய் சொல்லி ஒரு பொண்ண நடக்க வைக்கலாமா?" என்றார் வெயிலுமுத்து.

"விரல் அண்ணனோடது, பட்டன் உங்களோடதுன்னு வச்சுக்கிட்டா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

இது கொஞ்சம் சிக்கலான வழக்கு. அரை மணி நேரம் விவாதித்தார்கள். கொம்பையாவின் விக்கல் நடுநடுவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. விரல் யாருடையதோ தண்ணீர் அவருக்கே என்று கடைசியில் தீர்ப்பானது.

"இன்னொண்ணு. ஒண்ணுக்கு ரெண்டு தடவை கூப்பிடக் கூடாதுன்னு சொர்ணக்கிளி சொன்னா. அது ஒண்ணுக்கு. தண்ணிக்கு எத்தனை தடவை கூப்பிடலாம்?" என்றார் ஆவுடையப்பன்.

"தண்ணி குடிச்சா அது ஒண்ணுக்குலதானல போயி முடியும்? ரெண்டும் ஒரே கணக்குதான். ஒரே ஒரு தடவை" என்றார் வெயிலுமுத்து.

ஆக, கையில் இருப்பது ஒரே வாய்ப்பு. பெயரையும் சரியாகச் சொல்ல வேண்டும். சட்டையில் பெயர் போட்டிருக்கும் என்றாளே! ஆவுடையப்பன் வெயிலுமுத்துவின் காலரைப் புரட்டி எழுத்துக்கூட்டி வாசித்தார். "ரா...ஜ...கனி... டெய்...லர்."

கொம்பையா சாமியை வேண்டிக்கொண்டு தம்பியின் இரண்டாவது பட்டனில் விரலை வைத்து அழுத்தினார். மூவரும் பற்களைக் காட்டியபடி, எஸ்தர் இருந்த திசையைப் பார்த்து, மரியாதை குறையாத குரலில், "ராஜகனி டெய்லர்" என்றார்கள்.

எஸ்தர் வந்தாள். வந்தவள் இவர்களைத் தாண்டிப் போய், பின் சீட்டில் இருந்த கோட்டுக்காரருக்கு ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூவரும் எழுந்து நின்று பின்னால் எட்டிப் பார்த்தார்கள். தொப்பை பெருத்த மனிதர். தலையணையைக் கழுத்துக்கு வைத்த மறு நிமிஷமே குறட்டை. அவர் கோட்டில் இரண்டு வரிசையாகப் பித்தளைப் பட்டன்கள். ஆவுடையப்பன் எண்ணினார். பன்னிரண்டு.

"நம்மது பிளாஸ்டிக்கு. அவுகளது பித்தளை. எதுல கரண்டு நல்லா பாயும்?" என்றார் வெயிலுமுத்து, வயர்மேன் மாதிரி.

"நம்ம ஒரு தடவையும் போச்சே... விக்... இனி சந்தனக்குமார்தான் வாசிப்பான்" என்று கொம்பையா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அண்ணன் அழுவதைத் தம்பிமாரால் பார்க்க முடியவில்லை. வெயிலுமுத்து எழுந்தார். கோட்டுக்காரர் பக்கத்தில் போனார். சிரித்த முகமாக, மேலிருந்து கீழாக, ஒரு வரிசை ஆறு, இன்னொரு வரிசை ஆறு, பன்னிரண்டையும் நிதானமாக அமுக்கினார். கடைசிப் பட்டன் சரியாகத் தொப்புளுக்கு நேராக இருந்தது. அதைக் கொஞ்சம் பலமாகவே அமுக்கினார்.

கோட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் முப்பத்திரண்டு பல். "ஐயோ!" என்று அலறி, கைப்பிடிப் பக்கம் தடவி எதையோ ஓங்கிக் குத்தினார். டிங் என்றது. எஸ்தர் ஓடி வந்தாள்.

"பாத்தீங்களாண்ணே! பித்தளைன்னா பித்தளைதான்!" என்று கூவினார் வெயிலுமுத்து.

எஸ்தருக்கு விவரம் புரிய ரொம்ப நேரம் பிடித்தது. புரிந்த பிறகு தன் காதை நம்பப் பிடித்த நேரம் தனி. கோட்டுக்காரரை ஒரு வழியாக அமர்த்தினாள். கொம்பையாவுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். ஒரே மடக்கு. விக்கல் நின்றது.

"ரொம்ப நன்றி, ராஜகனி டெய்லரம்மா" என்றார் கொம்பையா.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டுக் கைப்பிடியில் வயரோடு செருகியிருந்த சின்ன ரிமோட்டை உருவி அவர் கையில் வைத்தாள். அதில் ஒரு பொம்மை வரைந்த பட்டன் இருந்தது.

"சார், பட்டன்னா இதுதான். சட்டையில இருக்கிறது இல்ல. இது எப்பவும் உங்க கைகிட்டயே இருக்கட்டும். இனிமே எதுக்கும் நீங்களா எதுவும் செய்ய வேண்டாம். முதல்ல இதை அமுக்குங்க. நான் வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு வாயையே திறக்காதீங்க. சரியா?"

மூன்று பேரும் தலையில் அடித்து சத்தியம் செய்தார்கள். இவ்வளவு தெளிவாக அவர்களுக்கு இதுவரை யாரும் எதையும் சொன்னதில்லை.

விமானம் தரை இறங்கியது. எப்பவும் கைகிட்டயே இருக்க வேண்டுமே! வயர் கல்யாண மண்டபம் வரைக்கும் எட்டுமா என்று ஆவுடையப்பன் இழுத்துப் பார்த்தார். எட்டாது என்று தெரிந்ததும் பல்லால் கடித்தார். வயர் அறுந்தது. கூடவே முப்பத்தொன்றில் இன்னொன்றும் போனது.

மண்டபத்தில் சபை நிறைந்திருந்தது. நல்ல நேரம் முடியப் பத்தே நிமிஷம். கொம்பையா நாடாச் சட்டையோடு கம்பீரமாக எழுந்து நின்றார். சொர்ணக்கிளி அவர் கையில் பத்திரிகையைக் கொடுத்தாள். விக்கல் இல்லை. இருமல்கூட இல்லை. முன்வரிசையில் சந்தனக்குமாரின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"வாசிங்க மாமா" என்றாள் சொர்ணக்கிளி.

கொம்பையா இடுப்பு மடிப்பிலிருந்து ரிமோட்டை எடுத்தார். ஒரே ஒரு தடவை, நிதானமாக அமுக்கினார். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார்.

ஐந்து நிமிஷம் போனது. "மாமா, நேரம் போகுது!" என்றாள் சொர்ணக்கிளி, அழாத குறையாக. கொம்பையா வாயைத் திறக்கவில்லை. ஆனால் சிரித்த முகமாகவே நின்றார். எட்டு நிமிஷம் ஆனது. சந்தனக்குமார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

வெயிலுமுத்து பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்.

"கொஞ்சம் பொறும்வே! எங்க அண்ணன் அமுக்கியாச்சு. அந்தப் பிள்ளை வானத்துலேருந்து இறங்கி வர வேண்டாமா?"