மூங்கில் நுனியில் மருதன்

"உடம்பு இல்லாமல் தலை மட்டும் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்?"

எயினன் மலையேறி வந்த அன்று கேட்டது இது. முப்பது நாளாக இதையேதான் கேட்கிறான்.



மலையில் ஒரு குகை. குகைக்குள் பாறையில் செதுக்கிய படுக்கைகள். இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி சமணத் துறவி. பெண் ஆசிரியரைக் குரத்தி என்று அழைத்த காலம் அது. அடுத்தவன் அவளுடைய மாணவன் தத்தன், முன்பு படைவீட்டில் சமையல்காரனாக இருந்தவன். மூன்றாவது ஆள் எயினன். குரத்தியைவிடப் பதினைந்து வயது மூத்தவன்.

தத்தனுக்கு வாய் சும்மா இருக்காது. முப்பதாம் நாள் கேட்டபோது அவன் முந்திக்கொண்டான்.

"கோழியை எத்தனை பார்த்திருக்கிறேன். தலை போன பிறகு மூன்று சுற்று ஓடும். தலை போட்ட இடத்தில் கிடக்கும். ஆக, உடம்புக்குத் தலை வேண்டாம். தலைக்குத்தான் உடம்பு வேண்டும். கேள்வி முடிந்தது, போய்த் தூங்கு."

"கோழியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை ஐயா."

குரத்தி அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ யாரைக் கூப்பிட்டாய்?"

எயினன் சொன்னான்.

போருக்கு முன் ஒரு வீரன் தன் தலையைக் கொற்றவைக்குத் தருவது அவன் ஊர் வழக்கம். கோயில் வாசலில் பச்சை மூங்கிலை நட்டு, வளைத்து, அதன் நுனியில் வீரனின் குடுமியைக் கட்டுவார்கள். வீரன் தன் வாளைத் தானே பிடரியில் வைத்து இழுப்பான். மூங்கில் விண்ணென்று நிமிரும். உடம்பு கீழே, தலை மேலே. மூங்கிலை வளைத்துப் பிடித்தவன் அப்போது வீரனின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். தலை கண்ணைத் திறந்தால் கொற்றவை ஏற்றுக்கொண்டாள் என்று பொருள்.

"மாசியில் கொடுத்தவன் என் அண்ணன் மருதன். மூங்கிலை வளைத்தவன் நான்."

"கூப்பிட்டாயா?"

"கூப்பிட்டேன். மூன்றாவது தடவையில் திறந்தான்."

"அப்புறம் என்ன, போரில் ஜெயித்தீர்களா?" என்றான் தத்தன்.

"தோற்றோம்."

தத்தன் எழுந்து சுனையில் தண்ணீர் எடுக்கப் போனான்.

எயினன் குரலைத் தாழ்த்தினான்.

"அவன் கண் திறந்ததும் நான் சிரித்தேன் அம்மா. வாய்விட்டுச் சிரித்தேன். உடம்பு என் காலடியில் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்."



"வைத்தியன் சொல்கிறான், செத்த தலை, நரம்பு இழுத்தது, அவ்வளவுதான் என்று. பூசாரி சொல்கிறான், திறந்தவன் உன் அண்ணன் இல்லை, கொற்றவை என்று. இரண்டு பேரும் அவன் என்னைப் பார்க்கவில்லை என்கிறார்கள். பார்த்தான் அம்மா. சின்ன வயதிலிருந்து தெரிந்த பார்வை அது. தெரியாதா எனக்கு?"

"தெரியும் என்றால் என்னிடம் ஏன் கேட்கிறாய்?"

"வரும் அமாவாசைக்கு ஊரில் இன்னொரு தலை வேண்டும். அவன் பார்த்தான் என்று நீங்கள் சொன்னால் என் தலையைக் கொடுத்துவிடுவேன். பார்க்கவில்லை என்றால் வீட்டுக்குப் போவேன். மனைவி காத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்."

"அமாவாசை என்றைக்கு?"

"நாளை மறுநாள்."

"நாளைக் காலையில் வா," என்றாள் குரத்தி.

காலையில் அவள் பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதையும் மரவுரியால் போர்த்தியிருந்தாள். மயிர் பறித்த மொட்டைத் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

எயினன் எட்டத்திலேயே நின்றான்.

"என்னைக் கூப்பிடு," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடிகளே."

கண் திறக்கவில்லை.

"அடிகளே!"

ஒரு ஈ வந்து அவள் இமைமேல் உட்கார்ந்தது. இமை அசையவில்லை.

"அடிகளே!!"

பாறையில் அவன் குரல் பட்டுத் திரும்பி வந்தது. அவள் திறக்கவில்லை. எயினன் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. பாறை சுட்டது. இன்னும் பல முறை கூப்பிட்டான். கெஞ்சினான். ஒரு கட்டத்தில் திட்டவும் செய்தான்.

தத்தன் எட்டிப் பார்த்தான்.

"அட, தொண்டையை ஏன் கிழித்துக்கொள்கிறாய்? அவராகத் திறந்தால்தான் உண்டு."

உச்சிவேளையில் குரத்தி கண்ணைத் திறந்தாள்.

"நான் கூப்பிட்டது கேட்கவில்லையா?"

"கேட்டது. நீ திட்டியதும் கேட்டது."

"பிறகு ஏன் திறக்கவில்லை?"

"நான் திறக்காததால் உனக்கு என்ன போயிற்று?"

எயினன் யோசித்தான்.

"ஒன்றும் போகவில்லை."

"அன்றைக்கு மருதன் திறக்காமல் இருந்திருந்தால் உனக்கு என்ன போயிருக்கும்?"

எயினன் கையால் தன் பிடரியைத் தொட்டான். தொட்டது அவனுக்கே தெரியவில்லை.

"சொல்."

"கண் திறக்காவிட்டால் கொற்றவை ஏற்கவில்லை என்று பொருள். அவளைப் பசியோடு விடக்கூடாது. அதே மூங்கிலை மறுபடி வளைப்பார்கள்."

"யார் தலைக்கு?"

"முதலில் வளைத்தவன் தலைக்கு."

காற்று மரவுரியின் ஓரத்தைத் தூக்கியது. குரத்தி அதை இழுத்துவிடவில்லை.

"அதனால்தான் சிரித்தாயா?"

"ஆமாம். பிழைத்தேன் என்று சிரித்தேன். அண்ணன் செத்ததே அப்போது நினைவில் இல்லை. முதல் தடவை கூப்பிட்டேன், திறக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. பூசாரி என் குடுமியைப் பிடித்துவிட்டான். மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை அம்மா, அலறினேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. 'அண்ணா' என்று அலறினேன்."

"இந்த விதி அவனுக்குத் தெரியுமா?"

"அவன்தானே எனக்குச் சொன்னான். மூங்கில் வளைக்க வேறு யாரும் வர மாட்டேன் என்றார்கள். 'நீ வாடா, பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றான். நான் அதைச் சும்மா ஒரு பேச்சு என்று நினைத்தேன்."

தத்தன் குகை வாசலில் நின்றான். கையில் தண்ணீர்க் குடுவை. உள்ளே வரவில்லை.

"எவ்வளவு நேரம் சிரித்தாய்?" என்றாள் குரத்தி.

"பெண்கள் குலவையிட்டார்கள். பறை அடித்தார்கள். அவ்வளவு நேரமும்."

"அவ்வளவு நேரமும் அவன்?"

"பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணில் ரத்தம் வழிந்தது. இமைக்கவில்லை."

"எப்போது மூடினான்?"

எயினன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். முப்பது நாளில் இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

"பூசாரி என் குடுமியை விட்டான்," என்றான் மெதுவாக. "நான் ஓடிவிடாமல் பறை ஓயும்வரை பிடித்தே இருந்தான். விட்டான். நான் இரண்டு அடி விலகி வந்தேன். அண்ணாந்து பார்த்தேன்."

"ம்."

"அப்போதுதான் மூடினான்."

எயினன் தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல் உட்கார்ந்திருந்தான்.

குரத்தி மரவுரியை உதறி எழுந்தாள். அவள் நிழல் அவன்மேல் விழுந்தது.

"நாளை அமாவாசை," என்றாள். "நேரமாகிறது. போ, அவன் கண் மூடாமல் காத்த உன் தலையைக் கொடு."