எருக்கிலைப் புத்தகம்

ஒரு காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி இருந்தது. தன் முதுகு முள் ஒன்றையே எழுதுகோலாகப் பிடுங்கி, அது ஒரு கதை எழுதியது. குட்டியைத் தொலைத்த புலியின் கதை. எழுதி முடித்ததிலிருந்து அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

கோடையில் மட்டும்தான் விலங்குகள் எல்லாம் ஒரே ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வரும். மழை விழுந்தால் ஆளுக்கொரு திசை. அதற்குள் எல்லாரும் தன் கதையைப் படித்துவிட வேண்டும் என்பது முள்ளியின் ஆசை.

அந்தக் காட்டில் புத்தகம் போடுவது பெருங்காதன் என்ற யானைதான். கதையைப் படித்துவிட்டு அது தும்பிக்கையால் தலையைச் சொறிந்தது.

"நன்றாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் கடைசியில் புலி அழுகிறதே, யார் நம்புவார்கள்? அதை உறும வைத்துக் கொண்டு வா. அடுத்த கோடைக்குப் போட்டுவிடலாம்."

"என் புலி அழத்தான் செய்யும், அண்ணே! என் புத்தகத்தை நானே போட்டுக்கொள்கிறேன். காட்டில் இலைக்கா பஞ்சம்?"

முள்ளி பளபளவென்ற இளந்தளிர்களாகத் தேடிப் பறித்தது. இளசு என்றால் முள் வழுக்கிக்கொண்டு ஓடும். கை கடுக்கக் கடுக்கப் பிரதி எடுத்து, ஏரிக்கரையில் அழகாகப் பரப்பிவிட்டுப் புதருக்குள் ஒளிந்து பார்த்தது.

மான்கள் வந்தன. மோந்து பார்த்தன. மென்று விழுங்கின!

முள்ளி பதறி ஓடி வந்தது. "ஐயோ, படித்தீர்களா இல்லையா?"

"படிப்பதா?" என்று ஒரு மான் உதட்டை நக்கிக்கொண்டது. "எங்களுக்கு விருந்து வைத்திருக்கிறாய் என்றல்லவா நினைத்தோம்! இன்னும் இருக்கிறதா?"

பாவம், முள்ளி வளைக்குள் போய்த் தேம்பித் தேம்பி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே யானையிடம் போனது.

"அண்ணே, நீங்கள் போடும் புத்தகத்தை மட்டும் ஏன் யாரும் தின்பதில்லை?"

யானை சிரிப்பை அடக்கிக்கொண்டது. "என் முதல் புத்தகத்தை நானே தின்றுவிட்டேன். அன்றிலிருந்து எல்லாம் எருக்கிலைதான். அதில் ஒருவரும் வாய் வைக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பால் பட்டால் எழுதுகிறவர் கையும் எரியும். பேசாமல் கதையை என்னிடமே கொடுத்துவிடேன். புலியை மட்டும் கொஞ்சம்..."

"அழும், அண்ணே."

முள்ளி எருக்கிலையில் மறுபடி எழுதியது. கை எரிந்தது, ஊதிக்கொண்டு எழுதியது. இந்த முறை பரப்பி வைத்துவிட்டு ஒளியவில்லை. தண்ணீர் குடிக்க வந்த ஒவ்வொருவரிடமும் போய், "இது தின்பதற்கல்ல, படிப்பதற்கு" என்று சொல்லிக் கொடுத்தது. மான்கள்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் படித்தன.

மேகம் கூடிய ஒரு மாலையில் புலியே வந்தது. எல்லாரும் தள்ளி நிற்க, முள்ளி மட்டும் கிட்டே போய் ஒரு பிரதியை நீட்டியது. புலி கடைசி இலைவரை படித்தது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"எருக்கம்பால் கண்ணில் பட்டுவிட்டது" என்று உறுமியது.

மரத்தின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த யானை தொண்டையைச் செருமியது. "தங்கச்சி, அடுத்த கதையை எனக்குத் தருவாயா?"

"அதிலும் புலி அழுதால்?"

"அழட்டும், அழட்டும்" என்றது யானை.

நீதி: தன் புத்தகத்தைத் தானே போடுகிறவர், பதிப்பாளர் படும் பாட்டையும் தானே பட வேண்டும்.