கழற்றிப் போட்ட கம்பி

"பள்ளிச் சாவியைக் குணசீலனிடம் கொடுத்துவிடு" என்று குருவே சொல்லியனுப்பியிருந்தார்.

வேல்விழி கொடுக்கவில்லை. சாவியோடு நேராக மடத்துக் கிணற்றடிக்கு வந்தாள். குரு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரை ஓடவிட்டு, அருகே அமர்ந்திருந்தார்.

"செங்கல் சூளைக்குள்ள அலைஞ்சு ஒவ்வொரு பிள்ளையா கூட்டிட்டு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினது நான். நடக்க ஆரம்பிச்சதும் இனி குணசீலன் அண்ணன் பார்த்துக்குவாரா?"

"உட்கார், தாயே."

"உட்கார வரல, ஐயா."

குரு மோட்டாரைக் காட்டினார். "இதற்குள் இரண்டு சுருள்கள். ஒன்று ஓட்டுவது. இன்னொன்று தொடங்கிவைப்பது. வேகம் பிடித்ததும் தொடங்கிவைத்தது தானாக விலகிவிடும். அதற்குக் கோபம் வருவதில்லை."

"தானா ஒண்ணும் விலகல. உள்ளே ஒரு சுவிட்ச் வெட்டிவிடுது. வெட்டினாலும் அது மோட்டாருக்குள்ளேயேதான் இருக்கு. நீங்க என்னை வெளியே போகச் சொல்றீங்க!"



அவள் மோட்டாரை நிறுத்தினாள். தொடக்கச் சுருளுக்குப் போகும் கம்பியைக் கழற்றிக் கீழே போட்டாள். மறுபடி சுவிட்சைத் தட்டினாள்.

மோட்டார் உறுமியது. சுற்றவில்லை.

"பாருங்க. ஓட்டுற சுருள் மட்டும் இருந்தா இப்படித்தான். ஒரே காந்த விசை, ரெண்டு பேர் எதிரெதிரா சமமா இழுக்கிற மாதிரி. உறுமலாம். நகர முடியாது."

"கையால் சுற்றிவிட்டால் ஓடுமே" என்றார் குரு. அவரும் விடுவதாக இல்லை.

"ஓடும். யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடும். போன வாரம் நன்கொடைக்காரங்க போட்டோவுக்காகப் பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளை வெயில்ல நிக்க வெச்சாரே அண்ணன், அதுவும் ஓட்டம்தான். தண்ணி வந்துச்சா, ஐயா?"

சுருள் கருகும் வாடை அடித்தது. குரு எழுந்து சுவிட்சை அணைத்தார். கீழே கிடந்த கம்பியைப் பார்த்தார்.

"மாட்டிவிடு."

"கழற்றச் சொன்னவங்க மாட்டட்டும்."

குரு குனிந்தார். மண்ணை ஊதித் துடைத்து, கம்பியை மாட்டி, சுவிட்சைத் தட்டினார். மோட்டார் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.

"அப்போ இந்தச் சாவி?" அவள் குரல் இன்னும் இறங்கவில்லை.

"உன்னிடமே இருக்கட்டும். நாளைக்குச் சூளைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போ" என்றார் குரு. "நீ எந்தப் பக்கம் சுற்றிவிட்டாய் என்று நான் பார்த்ததே இல்லை."