ஒற்றைக்கால் மணப்பெண்ணின் கவுன்

சீத்தாங்குளத்தில் மூன்று தையல்காரர்கள் இருந்தார்கள். ஊரில் வேறு யாருக்கும் தைக்கத் தெரியாததால், இவர்களுக்குத் தெரியும் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மூத்தவர் வேலப்பன். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்கியவர் கிடையாது. கூட்டாளிகள் ஒச்சப்பனும் தவசியும். ஒச்சப்பன் துணியை வெட்டுவார். தவசி, வெட்டியது எங்கே போயிற்று என்று தேடுவார்.

வேலப்பனுக்கு ஒரே மகள், சுகப்பிரியா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரவேற்பில் பெண் கவுன் போட்டு நிற்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டார்கள். மதுரையில் கடையிலேயே எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். வேலப்பனுக்கு முகம் செத்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, பெற்ற மகளை எவனோ தைத்த உடுப்பில் மேடையேற்றுவதா? தான் தைத்த கவுன் மேடை ஏறாவிட்டால் இனிக் கத்தரிக்கோலைத் தொடப்போவதில்லை என்று சபையிலேயே சொல்லிவிட்டார். தாராளமாகத் தையுங்கள், எதற்கும் நாங்களும் ஒன்று எடுத்துப் பெட்டியில் வைக்கிறோம் என்றார் சம்பந்தியம்மாள். அந்த "எதற்கும்" வேலப்பனைத் தூங்கவிடவில்லை.

கவுனை மூவரும் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தார்கள். ஆகவே உசிலம்பட்டியில் தையல் வகுப்பு நடத்தும் லில்லி டீச்சரிடம் போய் நின்றார்கள். கவுனுக்கு அளவெடுக்கும் இஞ்ச் டேப் மட்டும் போதாது என்றார் டீச்சர். துணியை டம்மி பொம்மை மேல் போர்த்தி, ஊசி குத்தி நிறுத்தி, எங்கே மடிகிறது எங்கே விழுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, பிறகு கழற்றி வெட்டித் தைக்க வேண்டும். செய்தும் காட்டினார். இரவலாக ஒரு பொம்மையையும் கொடுத்தார். அதற்குத் தலை இல்லை, கை இல்லை, இடுப்புக்குக் கீழே ஒரே ஒரு இரும்புக் கால்.

"இதைப் பொம்மைன்னு நினைக்காதீங்க. உங்க பொண்ணுன்னே நினைச்சுச் செய்யுங்க. இதுக்குப் பொருந்துச்சுன்னா அவளுக்கும் பொருந்தும்" என்றார் டீச்சர்.

பஸ்ஸில் பொம்மையைப் பெண்கள் சீட்டில் உட்கார வைத்தார்கள். தலையும் கையும் இல்லாததால் அரை டிக்கெட் போதும் என்று தவசி வாதாடினார். பெண் கல்யாண வயதில் இருக்கிறாள் என்று வேலப்பன் முழு டிக்கெட் வாங்கினார். கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

கடைக்கு வந்ததும் வெள்ளை சாட்டின் துணியை எடுத்துப் போர்த்தினார்கள். ஒச்சப்பன் குண்டூசியை எடுத்தார். வேலப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தவன் கண்ணு முன்னாலயே குத்துவியா?"

"டீச்சர் குத்தித்தானண்ணே காட்டுனாங்க?"

"அப்ப அது பொம்மை. இப்ப என் பொண்ணு."

தவசி குனிந்து பொம்மையைக் கூர்ந்து பார்த்தார். "குத்துனப்பவும் அது அழுகலையேண்ணே."

"அவ சின்னதுலருந்தே அழுத்தக்காரி. வலிச்சாலும் சொல்ல மாட்டா" என்றார் வேலப்பன். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

ஊசி வேண்டாம் என்று முடிவாயிற்று. துணியை இழுத்துப் பிடிக்காமல் அதன் போக்கில் விழ விட வேண்டும் என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். விட்டார்கள். துணி தரையில் விழுந்தது. மறுபடி போர்த்தி மறுபடி விட்டார்கள். மறுபடியும் தரைக்கே போயிற்று. துணிக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது என்று தவசி கண்டுபிடித்தார். எனவே துணியை அதன் இஷ்டப்படி தரையில் விட்டுவிட்டு, பொம்மையைக் கொண்டுபோய் அதன் மேல் படுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு துணி எங்கேயும் விழவில்லை.

படுத்த வாக்கிலேயே சுற்றிச் சுற்றிக் கையால் தைத்தார்கள். கை இல்லாததால் கைக்கு வழி விடவில்லை. தலை இல்லாததால் கழுத்தை மூடித் தைத்தார்கள். நிமிர்த்தி நிறுத்தியபோது ஒரு சுருக்கம் இல்லை. வேலப்பன் இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றைத் தைத்ததே கிடையாது. மேலே கீழே பார்த்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலையில் தாலி கட்டி முடிந்ததும், வரவேற்புக்குப் போட்டுக்கொள்ளச் சுகப்பிரியா வந்தாள். பொம்மையிலிருந்து கவுன் கழலவில்லை. தலைப் பக்கமும் வரவில்லை, கால் பக்கமும் வரவில்லை. தையலைப் பிரிக்கலாம் என்றார் ஒச்சப்பன். பொருந்தியதைப் பிரித்தால் அது பொருந்தாததாகிவிடுமே என்றார் வேலப்பன். மூவரும் சுகப்பிரியாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு தலை, இரண்டு கை, ஒரு கால் அவளிடம் அதிகப்படியாக இருந்தன. சம்பந்தியம்மாளின் பெட்டி பக்கத்து அறையில் தயாராக இருந்தது.

வழி சொன்னவர் தவசிதான். மாலையில் பொம்மையை மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சுகப்பிரியா பழைய சுடிதாரோடு பின்னால் முக்காலியில் ஏறி, பொம்மையின் கழுத்துக்கு மேல் தன் தலையையும், இரண்டு பக்கமும் கைகளையும் நீட்டிக்கொண்டாள். மாலை போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. இவ்வளவு அசையாத பெண்ணைப் பார்த்ததில்லை என்றார் போட்டோக்காரர். சம்பந்தியம்மாள் துணியைத் தடவிப் பார்த்து, கடையில்கூட இப்படிக் கிடைக்காது என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். பெட்டி திறக்கப்படவே இல்லை. வேலப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வரவேற்பு முடிந்ததும் சுகப்பிரியா பசி தாங்காமல் முக்காலியை விட்டு இறங்கிப் பந்திக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் போகிறது என்று பொம்மையைப் பக்குவமாகத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். மாப்பிள்ளையின் ஊரும் சீத்தாங்குளத்துக்குச் சளைத்த ஊர் அல்ல. கவுனைப் பிடித்துக்கொண்டு வேலப்பன் விம்மி விம்மி அழுதார். கார் போய்விட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பந்தியிலிருந்து வந்த சுகப்பிரியா வாசலில் நிற்கிறாள். வேலப்பனுக்குப் பகீரென்றது. தாலி ஏறி ஒரு பொழுது போகவில்லை, அதற்குள் மகள் திரும்பி வந்து நிற்கிறாளே.

"என்னம்மா ஆச்சு? மாப்பிள்ளை எங்க?"

"வேற எவளையோ கார்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாருப்பா" என்று அவள் தேம்பினாள். "நான் பார்த்தேன். அவ கவுன் போட்டிருந்தா. ஒரு சுருக்கம் இல்ல."

வேலப்பன் பல்லைக் கடித்தார். ஒச்சப்பனையும் தவசியையும் கூப்பிட்டார்.

"அவள விடுங்கடா. அந்தக் கவுனைத் தச்சுக் குடுத்தான் பாருங்க, அவன மொதல்ல கண்டுபிடிக்கணும்."

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.