திரும்பிப் பார்க்க வேண்டாத பூச்சு

"டீச்சர், ஒருதடவை பூசிட்டா அப்புறம் திரும்பிப் பார்க்கவே வேண்டாத பூச்சு எது?"

கேட்டவர் தில்லைநாயகம். வயது அறுபத்திரண்டு. கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருஷம் துருவோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்றது ஃபிலோமியை. முப்பத்தைந்து வயதிருக்கும். விமானங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தில்லைநாயகம் வெல்டிங் படித்தது அவரிடம்தான். மகள் வயசுதான். ஆனாலும் அவர் சொல்லாமல் தில்லைநாயகம் உட்கார்ந்ததில்லை.

ஃபிலோமி முகக்கவசத்தை மேலே தூக்கினார்.

"யார் யார் பறக்கப் போறீங்க?"

"நானும் என் வீட்டுக்காரி மரகதமும். ஆவணியில அவளுக்கு அறுபது முடியுது. அன்னைக்கு மேல கூட்டிட்டுப் போறதா வாக்குக் கொடுத்திருக்கேன்."

அது சித்திரை மாதம்.

ஃபிலோமி மறுநாள் வரச் சொல்லி, ஆறு குழாய்த் துண்டுகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெல்டிங் ஒட்டு.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூச்சு போடுங்க. கடலோரமாத் தொங்க விடுங்க. மூணு மாசம் கழிச்சு எடுத்துட்டு வாங்க."

தில்லைநாயகம் அப்படியே செய்தார். ஒன்றுக்குத் துத்தநாக முலாம். ஒன்றுக்கு வெறும் எண்ணெய். ஒன்றுக்குத் தடிமனாக, கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு பவுடர் கோட்டிங். கடைசித் துண்டுக்கு என்ன போடுவதென்று தோன்றாமல், கொஞ்சம் பிரைமரும் மேலே மெல்லிசாக வெள்ளைப் பெயிண்டும் அடித்துவைத்தார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கறுப்பு அப்படியே மின்னியது. அவருக்கு மனசு நிற்கவில்லை. விமானத்தில் எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போய், அதே கறுப்பைப் பூசிக்கொண்டு வந்துவிட்டார்.

டீச்சரிடம் சொல்லவில்லை.

ஆடியில் ஆறு துண்டுகளையும் மேஜைமேல் பரப்பினார்.

"கறுப்புதான் டீச்சர். ஒரு பொட்டுத் துரு கிடையாது. இந்த வெள்ளை மகா மோசம். பாருங்க, ஒட்டுப் பக்கத்துலயே பழுப்பா ஒரு கோடு."

ஃபிலோமி கறுப்புத் துண்டை எடுத்துப் பட்டறைப் பிடியில் இறுக்கினார். நீளமான குழாய் ஒன்றை அதன்மேல் மாட்டி, ஒரு அழுத்து அழுத்தினார்.

துண்டு ஒட்டின் ஓரத்தில் படக்கென்று முறிந்தது.

தில்லைநாயகம் முறிந்த இடத்தைப் பார்த்தார். பாதி புதிதாய் மின்னியது. மறுபாதி பழைய பழுப்பு.

"இது இப்ப முறிஞ்சது இல்லையே!"

"ஆறையும் சிவக்கச் சிவக்கத் தண்ணிக்குள்ள முக்கித்தான் கொடுத்தேன். அப்படிச் செஞ்சா விரிசல் விடும். ஆறுலயும் விரிசல் இருக்கு. கறுப்பு அதை மூடி மறைச்சிருச்சு."

தில்லைநாயகத்தின் கண் தானாக வெள்ளைத் துண்டுக்குப் போனது. அந்தப் பழுப்புக் கோட்டை விரலால் தடவினார்.

"எஞ்சின் சட்டத்துக்குக் கறுப்பு பூசிட்டேன், டீச்சர்."

ஃபிலோமி முறிந்த துண்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"ஆனா அதை நான் தண்ணியில முக்கலை. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி மெதுவாத்தான் ஆறவிட்டேன். அதுல விரிசல் இருக்காது."

"இதை அப்படியே உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார்.

வீட்டில் மரகதம், மேலே காற்றில் முடி பறக்காமல் இருக்கத் தலையில் துணி கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குதாங்க?"

விரிசல் இருக்காது என்று சொல்ல வந்தவர், திரும்பிக் கொட்டகைக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் எஞ்சினை இறக்கினார். சட்டத்தைக் கழற்றினார். அந்தக் கறுப்பு லேசில் விடவில்லை. கரைக்கும் திரவத்தைத் தடவுவதும், காத்திருப்பதும், சுரண்டுவதுமாக நாட்கள் போயின. விரல் நுனியெல்லாம் வெந்தது. ஆவணி பிறந்தது. மரகதத்தின் பிறந்தநாள் பாயசத்தைக் கொட்டகை வாசலில் நின்றுதான் குடித்தார். பறப்பதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குச் சுட்டது.

கடைசியில் சட்டம் வெறும் இரும்பாக நின்றது. ஒவ்வொரு ஒட்டிலும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் பொடியில் கசிந்து காட்டிக்கொடுக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இரண்டு நாள் குனிந்து கிடந்தார்.

எங்கும் சிவப்பு இல்லை.

பட்டறைக்குள் கோபமாகத்தான் நுழைந்தார்.

"ஒண்ணுமில்லை, டீச்சர்! மயிரிழைகூட இல்லை. இத்தனை நாள் வேலை வீணாப் போச்சு. அவ பிறந்தநாளும் போச்சு."

ஃபிலோமி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்லைன்னு போன மாசம் உங்களுக்குத் தெரியுமா, சார்?"

தில்லைநாயகம் மேஜைமேல் இன்னும் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். விரிசலைக் காட்டிக்கொடுத்த அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தார்.

"வெள்ளைப் பெயிண்ட் இருக்கா?" என்று கேட்டார்.