புகை போன வழி

ஜெபக்கனி கார் பட்டறை நடத்திவந்தாள். அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்த திருமேனி அவளைவிட வயதில் மூத்தவர். வேறு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பட்டறைக்குள் நுழைவார். அவர் அவளை மேஸ்திரியம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு காலையில் அவர் கேட்டார்.

"மேஸ்திரியம்மா, என் வீட்டுல நடக்கிறதெல்லாம் இங்க டீக்கடை வரைக்கும் வந்துடுது. என் சம்சாரம் சாயங்காலமானா எங்க ஊர்லயே இருக்கிற அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருவா. அங்கதான் எல்லாம் ஒழுகுது. இனிமே அந்த வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னுட்டேன். சரிதானே?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பேச்சையே நிறுத்திட்டா. அவளுக்குச் சாப்பாடும் இறங்கல."

ஜெபக்கனி வாயைத் திறக்குமுன் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்று இன்ஜின் விளக்கு எரிந்த வண்டி. முந்தின நாள் திருமேனி பார்த்து அனுப்பியது.

வண்டிக்காரர் இறங்கும்போதே கத்தினார். "என்னய்யா பண்ணி வச்சிருக்க? பங்க்ல பெட்ரோல் உள்ளயே போகமாட்டேங்குது. பம்ப்பு டப்பு டப்புனு நின்னுடுது. பின்னாடி நிக்கிறவன்லாம் ஹார்ன் அடிச்சே கொல்றான். விளக்கும் திரும்ப எரியுது!"

"என்ன செஞ்சீங்கண்ணே?" என்று ஜெபக்கனி திருமேனியைக் கேட்டாள்.

"கசிவு எங்கன்னு தெரிய, குழாய்க்குள்ள புகை விட்டுப் பார்த்தேன். டேங்க் பக்கத்துல ஒரு வாய் வழியா குபுகுபுன்னு வந்துச்சு. ரப்பர் வச்சு அடைச்சேன். நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விளக்கை அணைச்சு அனுப்பிட்டேன்."

அவள் வண்டிக்கடியில் போய் ரப்பரைப் பிடுங்கினாள். புஸ்ஸென்று காற்று இரைந்தது.

"இது டேங்க் மூச்சு விடுற வாய். திறந்துதான் இருக்கும். கசிவு பார்க்கிற நேரம் மட்டும் மூடிக்கும். பார்த்து முடிச்சதும் திறந்துக்கும்."

சோதனைக் கருவி ஒன்றை வண்டியில் மாட்டி அந்த வாயை மூடவைத்தாள். புகை விட்டாள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதுவும் தெரியவில்லை.

"கொஞ்சம் வேகமா விடலாமே?"

"வேகமா விட்டா நல்லா இருக்கிற இடமும் விட்டுப்போகும். பொறுங்க."

பெட்ரோல் மூடியின் ஓரத்தில் நூல்போல ஒன்று எழுந்தது. மூடிக்குள் ரப்பர் வளையம் வெடித்திருந்தது.

"நேத்து நானே இதைத் திருகித் திருகி மூடினேன்," என்றார் திருமேனி. "கண்ணுல படல."

புது மூடி போட்டார்கள். வண்டி போய்விட்டது. திருமேனி அங்கேயே நின்றார்.

"என் கேள்விக்குப் பதில் சொல்லலியே."

"போன வாரம் உங்க வீட்ல ரசச் சட்டி பறந்துச்சு. மருமகன் மோதிரம் கேட்டு முறுக்கிட்டு நிக்கிறார். டீக்கடைல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"உங்க சம்சாரத்தையோ அவங்க தங்கச்சியையோ இங்க யாரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையேண்ணே."